நாவல் படித்துக் கெட்டுப்போன சித்தி

போன வியாழக்கிழமை நம் வாசகர் வட்டத்தில் நடந்த பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் மூத்தவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், எழுந்து சொன்னார்: "உயர்ந்த நாவல் வாழ்க்கையைக் காட்டும். சந்தைக்கடை நாவல் பொய்யைச் சொல்லி மனசைக் கெடுக்கும்." நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் கைகூடத் தட்டினார். நான் பதில் சொல்ல எழுந்தேன். ஆனால் தேநீர் ஊற்றுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

வெறும் கருத்து என்றால் விட்டிருப்பேன். இதே வார்த்தைகளை, ஏறக்குறைய இதே குரலில், நான் பிறந்த தீவில், மாயெபூரில், எங்கள் வீட்டுக் கூடத்தில் பத்து வயதில் நான் கேட்டிருக்கிறேன். அதனால் ஒரு பெண்ணின் வாழ்க்கை பாழானது. நின்றுகொண்டு சொல்ல முடியாததால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த வீட்டில் நாங்கள் நான்கு பேர். என் அப்பா யுத்தத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போனவர், திரும்பவில்லை. அம்மாவும் நானும் மாமாவின் வீட்டுக்கு வந்துவிட்டோம். மாமா என்றால் அம்மாவின் அண்ணன், பள்ளிக்கூட ஆசிரியர். அவர் மனைவி நான் பிறப்பதற்கு முன்பே காசநோயில் இறந்திருந்தார். நான்காவது ஆள் சித்தி, அம்மாவின் தங்கை, கல்யாணம் ஆகாதவள். நாங்கள் வீட்டில் பேசியது கிரியோல், தீவில் எல்லோரும் பேசுகிற கலப்புப் பிரெஞ்சு. உறவுப் பெயர்களும் கோயில் பாட்டும் மட்டும் தமிழ். அவர்கள் பேசியதை நான் பிற்பாடு கற்ற தமிழில் எழுதுகிறேன். பேச்சின் வேகம் குறைந்திருந்தால் அது என் கைக்குற்றம்.

சித்தி தையல்காரி. கையால் சுற்றுகிற மெஷின் ஒன்று, கறுப்பு உடம்பில் தங்கப் பூ வரைந்தது, முன்னறை ஜன்னலோரம் இருக்கும். மெஷின் எண்ணெய் வாசனையும் புதுத் துணியின் கஞ்சி வாசனையும்தான் எனக்குச் சித்தி. அந்த மெஷினின் மரப்பெட்டிக்குள், நூல்கண்டுகளுக்கு அடியில், எப்போதும் ஒரு நாவல் கிடக்கும்.

சந்தையின் கோடியில், மீன்கடைகளுக்கு அப்பால், ஆப்பிரிக்க வம்சத்துக் கிரியோல் விதவை ஒருத்தி பழைய பாட்டில்களும் பழைய புத்தகங்களும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிரெஞ்சு நாவல்கள், அட்டை போனவை, ஈரத்தில் உப்பிப்போனவை. விற்க மாட்டாள், வாடகைக்குத் தருவாள். சித்தி அவளுடைய பாவாடைகளுக்குக் கரை மடித்துத் தைத்துக் கொடுப்பாள், அதுதான் வாடகை. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் கொஞ்சம் கருவாடு வாசனை வரும். நான் கொலைக்கதைகளை அங்கிருந்துதான் படிக்க ஆரம்பித்தேன். இன்றைக்கும் ஒரு நல்ல கொலைக்கதையை மட்டமாகப் பேசுகிறவரை எனக்குப் பிடிப்பதில்லை. கடைசிப் பக்கம்வரை நம்மை உட்காரவைப்பது லேசான வேலையா? உங்கள் உயர்ந்த ஆசிரியர்களில் பாதிப்பேருக்கு அது வராது.

மாமாவின் புத்தகங்கள் வேறு. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், தோல் அட்டையில், வரிசையாக நிற்கும். சாவி அவர் சட்டைப் பையில். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றை எடுத்து எங்களுக்கு உரக்கப் படிப்பார். அவருக்குப் பிடித்த நாவலை மட்டும் நான் எத்தனை முறை கேட்டேனோ தெரியாது. ஒரு சீமான் மகள். தகப்பன் வாக்குக் கொடுத்துவிட்ட கிழவனை மறுபேச்சில்லாமல் கட்டிக்கொள்கிறாள். மனசில் வேறொருவன். அதை ஒருவரிடமும் சொல்லாமல் ஜன்னலோரம் உட்கார்ந்து இளைத்து இளைத்துச் செத்துப்போகிறாள். அவள் சாகிற பக்கம் வந்ததும் மாமாவின் குரல் உடையும். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். "இதுதான் வாழ்க்கை. இதுதான் பெண்மை," என்பார்.

அவர் தன் மனைவியை நினைத்துத்தான் அழுதார் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. புரிந்தும் கோபம் குறையவில்லை.

ஒன்று கேட்கிறேன். உங்களில் யாராவது, உங்கள் ஊரில், சோகத்தால் இளைத்துச் செத்த பெண்ணைப் பார்த்திருக்கிறீர்களா? நான் மலேரியாவில் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரசவத்தில், கரும்பு வண்டிக்கு அடியில், வயிற்றுப்போக்கில் செத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சோகத்தில் செத்தவள் ஒருத்தி இல்லை. ஆனால் ரகசியமாய் இரண்டு குடும்பம் வைத்திருந்த ஆம்பிளை இல்லாத ஊர் ஒன்று சொல்லுங்கள் பார்க்கலாம். முதலாவது காவியமாம், இரண்டாவது நடக்காத கதையாம்.

மாமாவை நான் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை. அது, எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கெல்லாம் ஓட்டு உண்டு என்று சட்டம் வந்த சமயம். எந்த மொழியில் தெரிந்தாலும் போதும் என்றார்கள். மாமா பள்ளிக்கூடம் விட்டதும் மழையோ வெயிலோ தோட்டத்து லைன் வீடுகளுக்கு நடந்து போய், கரும்பு வெட்டிவிட்டு வந்தவர்களை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். சித்தியையும் அம்மாவையும் அவரே கூட்டிக்கொண்டு போய்ப் பதிவு செய்தார். "நம்ம வீட்டுப் பெண்கள் படிச்சவங்க," என்று தெருவெல்லாம் சொன்னார். ஊரைப் படிக்கவைத்தவர் வீட்டில் ஒருத்தி என்ன படிக்கிறாள் என்பதைத் தாங்க முடியாமல் போனார். அதுதான் எனக்கு ஆறவில்லை.

சித்திக்கு மாப்பிள்ளை பார்த்தது அந்தக் கோடையில்தான். பழுத்த மாம்பழம் முற்றத்தில் விழுந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்த நாட்கள். மாப்பிள்ளை எங்கள் பக்கத்துச் சர்க்கரைத் தோட்டம் ஒன்றில் குமாஸ்தா. வெள்ளை டிரில் கால்சட்டை, மடிப்புக் கலையாத தொப்பி. சொந்த ஊர் தீவின் தெற்கே சுரினாம் என்கிற கடலோரக் கிராமம். சனிக்கிழமைதோறும் ஊருக்குப் போய் வயதான தாயைப் பார்த்துவிட்டு வருவார் என்று மாமாவுக்கு அவர்மேல் தனி மரியாதை. எங்கள் வீட்டுக்கு வந்தபோது அந்த அலமாரியைப் பார்த்து, பிரெஞ்சில் இரண்டு வாக்கியம் பாராட்டினார். மாமா அன்றே வாக்குக் கொடுத்துவிட்டார்.

அப்போது சித்தியின் மெஷின் பெட்டிக்குள் கிடந்த நாவல், ஊர் ஊராகச் சரக்கு விற்கிற ஒருவனைப் பற்றியது. இரண்டு ஊர்களில் இரண்டு பெண்டாட்டி. மூன்றாவதாகத் தொப்பி தைக்கிற ஒரு பெண்ணைக் கேட்கிறான். அவளுக்குச் சந்தேகம் தட்டி, ரயிலேறிப் போய்க் கதவைத் தட்டுகிறாள். சித்தி துணி வெட்டிக்கொண்டே அதை எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அவர் அம்மாவை நாம யாரும் பார்க்கலையே," என்றாள். "கல்யாணப் பேச்சுக்கும் அவங்க வரலையே."

"வயசானவங்கன்னு மாமா சொன்னாரே."

"சுரினாம் என்ன இந்தியாவிலயா இருக்கு?"

ஆக, நாவல்தான் சித்தியைக் கிளப்பியது. அதை நான் மறுக்கவே இல்லை. நாவல் படிக்காதிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள்.

சுரினாமில் ஒரு கல்யாண வீட்டுக்கு ரவிக்கைகள் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு புதன்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் வெட்டி முடித்துத் துளிர்விடுகிற கரும்பு. எனக்கு வாந்தி வந்தது. சித்தி எலுமிச்சை இலையைக் கசக்கி மூக்கருகே பிடித்தாள். ரவிக்கைகளைக் கொடுத்த பிறகு, தெருமுனையில் இருந்த சீனர் கடைக்குப் போனோம். சித்தி ஊசி வாங்கிக்கொண்டே குமாஸ்தாவின் வீடு எது என்று கேட்டாள்.

கடைக்காரர், "மாமரத்துக்குப் பக்கத்துத் தகர வீடு," என்றார். "அவர் பெண்சாதி இப்பத்தான் எண்ணெய் வாங்கிக்கிட்டுப் போனா. ஓடினா பிடிச்சுடலாம்."

சித்தி ஓடவில்லை. ஊசிப் பொட்டலத்தை இடுப்பில் செருகிக்கொண்டு மெதுவாக நடந்தாள். நான் அவள் கையைப் பிடித்திருந்தேன்.

அந்தப் பெண் எங்களைவிடக் கறுப்பு, ஒல்லி. இடுப்பில் ஒரு கைக்குழந்தை. தான் தையற்காரி, ரவிக்கை வேலை ஏதாவது இருக்குமா என்று சித்தி கேட்டதும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். வெனிலா போட்ட தேநீர் கொடுத்தாள். சுவரில் கல்யாணப் போட்டோ இருந்தது. அதே தொப்பி, முழங்கால்மேல். குழந்தைக்கு அதே மூக்கு. "அவர் மாயெபூர்ப் பக்கம் வேலை," என்றாள் அவள். "சனிக்கிழமைதான் வருவார். தனியாக் கிடக்கேன். மாமியார் போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

சித்தி அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. குழந்தையை வாங்கிக் கொஞ்ச நேரம் மடியில் வைத்திருந்தாள். திரும்பும் பஸ்ஸில், "இவகிட்ட என்னத்தைச் சொல்றது," என்று மட்டும் சொன்னாள்.

மாமாவிடம் அன்று மாலையே சொன்னாள், நேராக, நின்றுகொண்டு. மாமா கேட்டுக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன். அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். மாமா எழுந்து முன்னறைக்குப் போய், மெஷின் பெட்டியைத் திறந்து, நூல்கண்டுகளைத் தள்ளிவிட்டு நாவலை எடுத்தார். பின்பக்கம் கதைச்சுருக்கம் அச்சிட்டிருந்தது. படித்தார்.

"இரண்டு ஊர், இரண்டு பெண்டாட்டி, தையற்காரி, வண்டியேறிப் போறா," என்றார். "வெட்கமா இல்லையா உனக்கு? கதையையாவது மாத்திச் சொல்லியிருக்கலாம்."

"அண்ணே, நான் பார்த்தேன். போட்டோ பார்த்தேன்."

"மாமா, நானும் பார்த்தேன்," என்றேன். "குழந்தைக்கு அவர் மூக்கு."

"உனக்கு யார் சொல்லிக்கொடுத்தாங்கன்னு தெரியும். நீ உள்ளே போ."

பத்து வயதில் பார்த்ததைப் பார்த்தேன் என்று சொன்னவளுக்கு அந்தப் பதில். இத்தனை வருஷத்தில் பல அவமானங்கள் பட்டிருக்கிறேன், எல்லாம் மறந்துவிட்டது. இது மறக்கவில்லை. சுரினாமுக்கு ஒரு முறை போய் வந்தால் முடிகிற விஷயம். மாமா போகவில்லை. மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டார். மாப்பிள்ளை சிரித்து, அது தன் அண்ணன் வீடு என்றார். மரியாதையுள்ளவர் பொய் சொல்ல மாட்டார் என்பது மாமா தோல் அட்டைப் புத்தகங்களில் படித்தது. அதை நாவல் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

சித்தி கல்யாணத்துக்கு முடியாது என்றாள். அடித்தாலும் முடியாது என்றாள். மாமா யாரையும் அடிக்கிறவர் இல்லை. பெட்டியில் இருந்ததும் கட்டிலடியில் இருந்ததுமாக நாவல்கள் எல்லாவற்றையும் சேர்த்து வெந்நீர் அடுப்பில் போட்டார். ஈரப் புத்தகம் சட்டென்று எரியாது. புகைந்துகொண்டே கிடந்தது. அன்று குளித்த தண்ணீரில்கூடப் புகை வாசனை.

புத்தகக்கார விதவை விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கு வந்தாள். வாசலிலேயே நின்றாள். காலில் செருப்பு இல்லை, தலையில் ஓலைத் தொப்பி.

"மிசே, என் புத்தகங்களை எரிச்சீங்களாம்." மிசே என்றால் கிரியோலில் ஐயா.

"குப்பையை எரித்தேன்," என்றார் மாமா, பிரெஞ்சில்.

அவள் கிரியோலிலேயே கேட்டாள். "எதையாவது படிச்சுப் பார்த்தீங்களா?"

"குப்பை என்று தெரிய முகர்ந்தால் போதும்."

"என் புருஷன் கடலுக்குப் போனவர். அவர் கரையில இருந்த காலத்தில வாங்கினது சிலது அதில இருந்துச்சு," என்றாள். அவ்வளவுதான். சண்டை போடவில்லை, ஈடு கேட்கவில்லை. போய்விட்டாள். மாமா கதவைச் சாத்தினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல அலமாரியைத் திறந்து அந்தச் சீமான் மகளைப் படித்தார். சித்தி எழுந்து போய்விட்டாள். முன்னறையில் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது, துணி இல்லாமல், வெறுமனே.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு வீட்டுச் சண்டை என்று நானும் விட்டிருப்பேன். வாக்குக் கொடுத்தவர் அல்லவா மாமா. வாக்கு வீண்போகக் கூடாது என்று, அதே மாப்பிள்ளையைத் தன் சிநேகிதர் மகளுக்குப் பேசி முடித்தார். சிநேகிதர் தலைநகர் போர் லூயிக்குப் பக்கத்தில், சாந்த் குருவாவில், கோயில் காரியங்களில் முன்னால் நிற்கிறவர். மகள் சாதுவான பெண், பதினெட்டு இருக்கும்.

சித்தி ரயிலேறிச் சாந்த் குருவாவுக்குப் போனாள். சாட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். மாமா முந்திக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் அந்த வீட்டம்மாவின் முகத்தில் ஒரு பரிதாபம். நோயாளியைப் பார்க்கிற பார்வை. புளித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தாள், காத்தோ பிமாங் என்று நாங்கள் சொல்லும் பருப்பு வடை கொடுத்தாள்.

"உங்க அண்ணன் எல்லாம் சொன்னாரு, தங்கச்சி," என்றாள். "கண்டதைப் படிச்சா இப்படித்தான் ஆகும். காவடி எடு, சரியாயிடும்."

சித்தி வடையைத் தொடவில்லை. "ஒரே ஒரு தடவை சுரினாம் போய்ட்டு வாங்க அக்கா. நான் பொய் சொன்னா வந்து என் முகத்தில துப்புங்க."

நாங்கள் வாசலைத் தாண்டியபோது அந்த வீட்டு மகள் பின்பக்கமாகச் சுற்றி ஓடி வந்து வேலியோரம் நின்றாள். "நிஜமா அக்கா?" என்றாள்.

"நிஜம். அப்பாகிட்டக் கேளு. போய்ப் பார்க்கச் சொல்லு."

"அப்பாகிட்ட நான் எப்படிக் கேக்கிறது?"

கேட்கவில்லை. கல்யாணம் கோயில் மண்டபத்தில் நடந்தது. மாமா பட்டு அங்கவஸ்திரம் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சித்தியைக் கூப்பிடவில்லை.

அடுத்த கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் எல்லாம் வெளியே வந்தது. சனிக்கிழமைகளில் புருஷன் வராததைக் கண்டு சுரினாம் பெண் விசாரித்துக்கொண்டே, குழந்தையைத் தூக்கிக்கொண்டு சாந்த் குருவா வந்துவிட்டாள். கல்யாணப் போட்டோவைச் சுவரிலிருந்து கழற்றி மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாளாம். குமாஸ்தா இரண்டு வீட்டையும் விட்டுவிட்டு எங்கோ வேலை மாற்றிக்கொண்டு போனார். அவரைக் கேட்க ஆள் இல்லை. சிநேகிதரின் மகள் ஐந்து மாதக் கர்ப்பத்தோடு பிறந்த வீட்டுக்கு வந்தாள்.

அவள் இளைக்கவில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்து சாகவும் இல்லை. பசித்தது, சாப்பிட்டாள். பிள்ளை பெற்றாள். பிறந்த வீட்டார் அவளை ஒரு பாரமாகப் பார்த்த பார்வையைத்தான் தாங்க முடியவில்லை என்று பிற்பாடு சித்தியிடம் சொன்னாள்.

மாமா மன்னிப்புக் கேட்டாரா என்று கேட்பீர்கள். சித்தியிடம், "விதி," என்றார். சித்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "விதி இல்ல அண்ணே, நீங்க ஏறாத புதன்கிழமை பஸ்," என்றாள். அம்மா மட்டும் அன்றிரவு சித்தியின் தட்டில் பெரிய மீன் துண்டை வைத்தாள். எங்கள் வீட்டில் நடந்த பரிகாரம் அவ்வளவுதான். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

சித்தி தானே சாந்த் குருவாவுக்குப் போய் சிநேகிதரின் மகளையும் அவள் குழந்தையையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பொத்தான் தைக்கவும் கரை மடிக்கவும் ஆள் வேண்டும் என்று சொல்லித்தான் கூட்டிவந்தாள். மாமாவால் மறுக்க முடியவில்லை. குழந்தை மெஷின் பக்கத்தில் பாயில் கிடந்து, சக்கரம் சுற்றுவதைப் பார்த்துக் கை கால் ஆட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா மறுபடி அந்த நாவலை எடுத்தார். வீட்டில் எல்லோரும் இருந்தோம். அந்தப் பெண் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு வாசற்படியருகே உட்கார்ந்திருந்தாள். மாமா பிரெஞ்சில் படித்து, அவளுக்காக இடையிடையே கிரியோலில் சொன்னார். சீமான் மகள் செத்தாள். மாமா கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, அவளுக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "நீயும் இவளைப் போலத்தான் அம்மா. வாய் திறக்காத பொறுமை. அதுதான் உன் பெருமை," என்றார். நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்.

அவள் மார்புச் சீலையை இழுத்துச் சரிசெய்தாள். எங்கள் வீட்டில் அதுவரை அவள் மாமாவிடம் நிமிர்ந்து பேசியதில்லை.

"பொறுமை இல்ல பெரியவரே, பயம்," என்றாள். "எனக்குத் தெரியும். அக்கா வேலியில சொன்னாங்க. உங்க எல்லாருக்கும் பயந்து நான் கேக்கலை. அந்தப் பொண்ணும் பயந்துதான் செத்திருப்பா. அதைப் போய் ஏன் வாரா வாரம் படிக்கிறீங்க?"

சித்தி தலையைக் குனிந்துகொண்டாள். மாமா புத்தகத்தை மூடி, அலமாரியில் வைத்து, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு முற்றத்துக்குப் போனார். அம்மா பின்னாலேயே காப்பி எடுத்துக்கொண்டு போனாள். நான் அம்மாவின் பின்னால் நின்றேன்.

மாமா காப்பியை வாங்கிக்கொண்டு, ரொம்ப வருத்தத்தோடு சொன்னார்: "பாரு, இவளுக்கும் உன் தங்கச்சி நாவல் கொடுத்துப் படிக்கவச்சிருக்கா."

அம்மா உள்ளே வந்துவிட்டாள். ஊருக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்த அந்த மனிதருக்கு, தன் வீட்டில் மாதக்கணக்காகப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த அந்தப் பெண் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை என்பதும், ஒரு எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாதவள் என்பதும் தெரியாது.